இரணைதீவுப் பயணத்தில் சரிந்த ஜெனரேற்றர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரணைதீவு, இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவுக்குள் வரும் இரட்டைத் தீவு. 1992இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பெருநிலத்தில் இரணைமாதா நகரில் குடியமர்ந்தார்கள். 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகுகளில் ஏறித் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகும் அரிசி, சீமெந்து, தகரம், மருந்து என எல்லாம் படகில்தான் போகின்றன. பெருநிலத்தின் மின்கம்பி தீவுக்கு வரவில்லை. சூரியத் தகட்டில் விளக்கு எரியும், கைபேசி மின்னேற்றலாம். ஒரு மோட்டாரை ஓட்டுவதென்றால் ஜெனரேற்றர் வேண்டும்.

இந்த நிகழ்வில் ஜெனரேற்றர் தேவைப்பட்டது கிணறு இறைப்பதற்கு. கால் நூற்றாண்டுக்கு மேல் பராமரிப்பில்லாமல் கிடந்த கிணறுகளில் ஒன்றைச் சேறு அள்ளித் துப்புரவு செய்யச் சில குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. 1 குதிரைவலு மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாற் அளவில்தான் இழுக்கும். ஆனால் புறப்படும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். அதனால் சின்னக் கைப்பெட்டி ஜெனரேற்றர் போதாது என்று 2.8 கிலோவாற் ஜெனரேற்றர் ஒன்றை இரவல் வாங்கினார்கள். குழாய்க் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், மேலே 15 லீற்றர் தாங்கி உள்ள வகை. வெறும் எடை 45 கிலோ.

நான் படகு எஞ்சின் திருத்துபவன். சரிந்த ஜெனரேற்றரைக் கழற்றிப் பார்த்ததும், அடுத்த பயணத்துக்குச் சட்டம் அடித்ததும் என் வேலையாக வந்தன. படகில் இருந்த நால்வரிடமும் தனித்தனியே கேட்டு இதை எழுதுகிறேன். பெயர்களும் நாளும் வேண்டாம் என்பது அவர்களின் விருப்பம்.

கரையில் ஏற்றிய விதம்

படகு 18.5 அடி ஃபைபர் படகு, அகலம் 5 அடி அளவில், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். படகோட்டி ஐம்பது வயதைக் கடந்தவர், இந்தக் கடலிலேயே வளர்ந்தவர். உதவிக்கு அவருடைய மருமகன். மூன்றாமவர் தீவுக்காரர். நான்காமவர் இரணைமடுப் பக்கத்து வயற்குடும்பத்துத் தம்பி. மோட்டார் வேலையில் கெட்டிக்காரர், கடலில் ஏறிப் பழக்கமில்லாதவர்.

காலை 6 மணிக்குப் புறப்படுவதாகத்தான் இருந்தது. மோட்டாரின் குழாய் இணைப்பு ஒன்று வந்து சேரப் பிந்தியது. படகு கரையை விட்டபோது 10 மணி. காலம் மே மாத நடுப்பகுதி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் விடியலில் கடல் கிடக்கும் கிடையும் பத்து மணிக்குப் பிறகு கிடக்கும் கிடையும் வேறு வேறு. அங்கே ஆழம் குறைவு. காற்று ஏறினால் அலை நீண்டு வராது. குறுகி, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

ஜெனரேற்றரைப் படகின் உட்தளத்தில் வைக்கவில்லை. அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், உப்புத் தண்ணீர் பட்டால் அதன் மின்சுருள் போய்விடும் என்று குறுக்குப் பலகையின் மேல் தூக்கி வைத்தார்கள். இரும்புக் கூடு ஃபைபரைச் சுரண்டாதிருக்க அடியில் இரண்டு உயிர்காப்பு அங்கிகளை மடித்துப் போட்டார்கள். தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது, தீவில் போய் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக. வலைக்குப் பாவிக்கும் நைலோன் கயிறு ஒன்றை மேற்கைபிடியில் போட்டு, படகின் இரண்டு விளிம்புக்கும் இழுத்துக் கட்டினார்கள். ஆட்டிப் பார்த்தபோது அசையவில்லை.

இதில் எதுவும் அலட்சியத்தால் நடந்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் பெரும்பாலும் பொருளைக் காப்பதற்கானவை. படகைக் காப்பதற்கான கேள்வி ஒன்றுகூட அங்கே எழவில்லை என்பதையே நான் முதன்மையாகக் குறித்துக்கொள்கிறேன்.

கடலில்

கரை மறையுமுன்பே இடப்புறத்திலிருந்து அலை அடிக்கத் தொடங்கியது. படகு வலப்புறம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கயிறு நனைந்தது. பாதித் தூரம் போனபோது ஜெனரேற்றர் சற்று ஆடுவதை மருமகன் கண்டார். கயிற்றை இறுக்க எழுந்தவருக்கு, அலை ஓயட்டும் என்று படகோட்டி கை காட்டினார். அலை ஓயவில்லை. உயரமான இரண்டு அலைகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாவதில் ஜெனரேற்றர் பலகையிலிருந்து வழுக்கி, வலப்புற விளிம்போடு போய் மோதிப் பக்கவாட்டில் விழுந்தது.

அதோடு நின்றிருந்தால் படகு எழுந்திருக்கும். ஜெனரேற்றர் நழுவிய கணத்திலேயே மோட்டார்காரத் தம்பி பாய்ந்து அதைப் பிடித்தார். இரவல் பொருள் கடலில் விழுந்துவிடுமே என்ற பதற்றம். இப்போது ஜெனரேற்றரும் அவரும் ஒரே விளிம்பில். அடுத்த சாய்வில் விளிம்பு நீருக்குள் போனது, தண்ணீர் உள்ளே கொட்டியது. கொட்டிய தண்ணீரும் அதே பக்கத்துக்கே ஓடியது.

படகோட்டி கத்தியது நால்வருக்கும் நினைவிருக்கிறது: "அதை விடு தம்பி! நடுவுக்கு வா, இரு!"

தம்பி உடனே விடவில்லை. மருமகன் அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்து உட்தளத்தில் உட்காரவைத்தார். படகு தயங்கி, பாதியளவு நிமிர்ந்தது.

படகோட்டி எடுத்த முடிவுகள்

எஞ்சினை நிறுத்துவதா என்பதுதான் முதலில் எழுந்த கேள்வி. விழுந்த ஜெனரேற்றரின் தாங்கி மூடியிலிருந்து பெற்றோல் கசிந்து படகின் அடித் தண்ணீரில் பரவியது. மணம் மூக்கில் ஏறியது. எஞ்சினை நிறுத்தினால் தீப்பொறிக்கு வாய்ப்புக் குறையும். ஆனால் ஓட்டமற்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அரைவாசி நீர் நிறைந்த படகுக்கு அது கவிழும் நிலை. அவர் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு நேரே திருப்பினார். ஒருவரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொன்னார். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். திறந்த படகு, நல்ல காற்று. பெற்றோல் ஆவி தங்கி நிற்க வாய்ப்புக் குறைவு. குறுக்கே வரும் அலை அப்படி விட்டுவைக்காது.

அடுத்து, தீவுக்காரரை வாளியால் இறைக்கச் சொன்னார். ஜெனரேற்றரை நிமிர்த்த ஒருவரையும் விடவில்லை. இன்னொரு அலை விளிம்பைத் தாண்டினால் அதைக் கடலில் தள்ளிவிடுமாறு மருமகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அந்தச் சொல் முக்கியமானது. எந்த நிலை வந்தால் பொருளைக் கைவிடுவது என்பது முன்பே தீர்மானமானதால், பிறகு அதைப் பற்றிப் பேசி ஒருவரும் நேரம் கடத்தவில்லை.

உயிர்காப்பு அங்கி நான்கும் படகில் இருந்தன. இரண்டு பேர் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டும் ஜெனரேற்றரின் அடியில் மடித்துக் கிடந்தவை. அவை இப்போது பெற்றோலில் நனைந்து மிதந்தன. கடல் பழக்கமில்லாத தம்பியின் அங்கி அந்த இரண்டில் ஒன்று.

நீர் குறைந்த பிறகு ஜெனரேற்றரை இருவர் உட்தளத்தின் நடுவுக்கு இழுத்து, இருந்த கயிற்றால் குறுக்குப் பலகையோடு கட்டினார்கள். படகு திரும்பிக் கரைக்கே வந்தது. ஒருவருக்கும் காயமில்லை, தம்பியின் முழங்கை மட்டும் உரசியிருந்தது.

கழற்றிப் பார்த்தபோது

வந்தவுடன் இழுத்துத் தொடக்கிப் பார்க்க முயன்றார்கள், நான் தடுத்தேன். பக்கவாட்டில் கிடந்த எஞ்சினில் ஒயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் ஏறியிருக்கும். அந்த நிலையில் பலமாக இழுத்தால் பிஸ்ரன் ஒயிலை நசுக்க முடியாமல் இறுகி நிற்கும், அதன் தண்டு வளையவும் கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்து ஒயிலை வெளியேற்றினேன். வடிகட்டி ஊறிப்போயிருந்தது. மின்பகுதிக்குள் உப்பு நீர் போயிருந்தது. அதை நல்ல தண்ணீரால் கழுவினேன். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். உப்பு உள்ளேயே காய்ந்தால்தான் சுருள் அரிக்கும், பிறகு ஈரம் பட்ட நாளெல்லாம் மின் கசியும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மின் கசிவை அளக்கும் 500 வோற்று மெகரால் சுருளின் காப்பெதிர்ப்பு ஒரு மெகாஓமுக்கு மேல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஓட்டினோம். தப்பியது.

கயிற்றையும் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை. கயிறு வெறுமனே தளர்ந்திருந்தது.

ஏன் தளர்ந்தது, ஏன் சாய்ந்தது

நைலோன் இழுபடும் கயிறு. நனைந்தால் இன்னும் இழுபடும். நங்கூரத்துக்கும் வலைக்கும் அந்த இழுவைதான் அதன் நன்மை, பாரம் கட்டும்போது அதுவே கேடு. மேலும், கட்டின் நீளம் கூடக்கூட இழுபடும் அளவும் கூடும். கைபிடியிலிருந்து இரண்டு விளிம்புக்கும் போன கட்டு மிக நீளமானது.

கயிற்றைவிடப் பெரிய காரணம் அடியில் கிடந்த அங்கிகள். கரையில் இறுக்கியபோது அந்த மெத்தை உப்பியிருந்தது. எடையும் ஆட்டமும் சேர்ந்து அதை அமுக்க அமுக்க ஜெனரேற்றர் கீழிறங்கியது, கயிறு அதே நீளத்தில் நின்றது. மெத்தையின் மேல் கட்டிய கட்டு கரையில் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கடலில் தளரும். இதை அறியாதவர்கள் முடிச்சையே குற்றம் சொல்வார்கள்.

கைபிடியில் கட்டுவது இன்னொரு பிழை. எஞ்சினும் மின்பகுதியும் கூட்டுக்குள் றப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மேலே கட்டினால் கூட்டின் தலையைப் பிடிக்கிறோம். கால்கள் சுதந்திரமாக வழுக்கும். இங்கே முதலில் நழுவியது கால்தான்.

சாய்வின் கணக்கு இன்னும் யோசிக்க வைத்தது. நிறைந்த தாங்கியின் பெற்றோல் மட்டுமே 11 கிலோ, அதுவும் மேலே. மொத்தம் 56 கிலோ நடுவிலிருந்து அரை மீற்றர் வலப்புறம் போனது. ஆனால் பாய்ந்த தம்பி 70 கிலோ, நடுவிலிருந்து 70 சென்ரிமீற்றர் தள்ளி விளிம்பில் நின்றார். எடையைத் தூரத்தால் பெருக்கினால் ஜெனரேற்றருக்கு 28, அவருக்கு 49. படகை விளிம்பு மூழ்கும் வரை சாய்த்ததில் பெரும்பங்கு, அதைப் பிடிக்கப் போன ஆளினுடையது. இதை அந்தத் தம்பி மேல் குறையாகச் சொல்லவில்லை. விழும் பொருளைப் பிடிப்பது கையின் இயல்பு. தரையில் அதுவே சரி. பொருள் சரிந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கரையிலேயே அவருக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

சிறு படகில் பாரம் எவ்வளவு என்பதைவிட அது நகருமா என்பதே பெரிய கேள்வி. அதே படகு இதைவிடப் பல மடங்கு எடையுள்ள மீனும் ஐசும் ஏற்றி வந்திருக்கிறது.

பெற்றோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்முடைய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடிப் பழகியவை. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது. ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் பற்றக்கூடிய அளவு ஆவி விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையிலேயே அப்படி ஆவி விடுவது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாவிட்டால் படகின் அடியில் போய்த் தங்கும். மண்ணெண்ணெய் கொட்டியபோது ஒன்றும் நடக்காத அனுபவத்தை வைத்துப் பெற்றோலை எடைபோடக் கூடாது.

அடுத்த பயணத்துக்கான ஏற்பாடு

கிணற்று வேலை நிற்க முடியாது என்றார்கள். பெரிய படகு ஒழுங்கு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். தீவின் கரையில் முழங்கால் நீரில் இறக்குவதற்குச் சிறு படகே வசதி என்று விடப்பட்டது. எஞ்சினின் எடைக்குச் சமனாக ஜெனரேற்றரை அணியத்தில் வைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். படகு நேராக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அலையில் படகு விழுந்தெழும்போது மிகக் கடுமையாகத் தூக்கி அடிபடுவது அணியம்தான். எந்தக் கட்டும் அங்கேதான் முதலில் இளகும். நடுவுக்குச் சற்றுப் பின்னே, தாழ்வாக என்று முடிவானது.

பழைய கதவு நிலையின் முதிரைக் கட்டைகளில் ஒரு சட்டம் அடித்தேன். நீளக் கட்டை இரண்டும் இரண்டு குறுக்குப் பலகைகளுக்கு இடையில் இறுகும் அளவு; முன்பின் நகராது. குறுக்குக் கட்டை இரண்டின் முனைகளையும் படகின் உட்பக்க வளைவுக்கு ஏற்பச் செதுக்கி, பழைய ரயர் துண்டு ஒட்டினேன், பக்கவாட்டில் நகராது. படகில் ஒரு துளைகூடப் போடவில்லை. குறுக்குப் பலகைகள் பல படகுகளில் உள்ளே நுரை அடைத்த பெட்டிகள், மிதப்புக்காக வைத்தவை. துளைத்தால் உள்ளே நீர் ஊறி மிதப்பே போகும். சட்டத்தின் நடுவில் ஜெனரேற்றரின் நான்கு கால்களும் இறங்கி உட்காரும்படி கட்டை அடித்து, அடியில் கடினமான ரயர்த் துண்டு வைத்தோம். அமுங்கும் பொருள் எதுவும் வைக்கவில்லை. சட்டம் நான்கு விரல் உயரத்தில் நிற்பதால் அடித் தண்ணீரும் தொடாது.

இப்படி முதலில் வழுக்காமல் தடுத்துவிட்டால், கயிறு செய்ய வேண்டியது மேலே எழும்பாமல் பிடிப்பது மட்டுமே. கூட்டின் கீழ்க்குழாயின் நான்கு மூலைகளையும் சட்டத்தோடு தனித்தனிக் குட்டைக் கட்டுகளால் கட்டினோம். ஒன்று தளர்ந்தால் மூன்று நிற்கும். அதற்கு மேல் லொறியில் சாமான் கட்டும் ராச்செற் பெல்ற் இரண்டை முன்பின் பலகைகளைச் சுற்றிப் போட்டோம். பொலியெஸ்ரர் பெல்ற் நைலோன்போல் இழுபடாது. மூலைக் கட்டுகள் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு, பக்கத்தில் ஒரு கத்தி. மிதவை ஒன்றைச் சில பாக நீளக் கயிற்றோடு கூட்டில் கட்டிச் சுருட்டி வைத்தோம், கைவிட நேர்ந்தால் பிறகு தேடி எடுக்க.

தாங்கியை வடித்து, வால்வை மூடி, தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓட்டிக் காபரேற்றரையும் காயவைத்தோம். பெற்றோல் இறுக்கமூடிய கானில், எஞ்சினுக்குத் தள்ளி, நிழலில், தனிக்கட்டில். மூடிய அறைக்குள் வைக்கவில்லை. தெறிப்புக்கு மேலே மட்டும் தறப்பாள், அடிப்பக்கம் திறந்தபடி. மடக்கிக்கட்டினால் உள்ளே வேர்க்கும்.

நால்வரும் அங்கியைக் கரையிலேயே போட்டார்கள். படகோட்டி மோட்டார்காரத் தம்பிக்குச் சொன்னது சுருக்கமானது: எது சரிந்தாலும் இருந்த இடத்திலேயே தாழ இரு, எழும்பாதை.

விடியலில் புறப்பட்டார்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு வேகத்தைக் குறைத்து எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெல்ற்றை ஒரு பல் இறுக்க வேண்டியிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கிணறு இறைக்கப்பட்டது.

திரும்பும் பயணம்

போகும்போது தோன்றாத ஒரு சிக்கல் வரும்போது இருந்தது. வேலை முடிந்த கையோடு சூடான ஜெனரேற்றரை ஏற்ற முயன்றார்கள். சைலன்சர் நைலோன் கயிற்றை உருக்கும் அளவு சூடாகும். தறப்பாள் அதைவிட விரைவில் போகும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஏற்றினார்கள். அதனால் காற்று ஏறும் நேரம் வந்துவிட்டது என்று, அன்று வராமல் மறுநாள் விடியலில் வந்தார்கள். அந்த ஓர் இரவுத் தாமதத்தைப் படகோட்டியே தீர்மானித்தார், ஒருவரும் மறுக்கவில்லை.

படகிலேயே ஓட்டும் யோசனை

சட்டம் நன்றாக நின்றதைப் பார்த்த இளைஞர்கள் சிலர், நங்கூரமிட்ட படகில் இரவு விளக்குக்கும் ஐஸ் பெட்டிக் காற்றாடிக்கும் இதை அப்படியே ஓட்டலாமே என்று கேட்டார்கள். கூடாது என்று சொன்னேன். கட்டு உறுதியாக இருப்பது வேறு, ஓட்டுவது வேறு. ஜெனரேற்றரின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது, நிறமில்லை, மணமில்லை. திறந்த படகுதானே என்பார்கள். ஆனால் இரவில் ஆட்கள் தறப்பாளின் கீழ்ப் படுப்பார்கள், காற்று திரும்பினால் புகை அதற்குள் தேங்கும், தூங்குபவருக்குத் தெரியாது. அதோடு 230 வோற்று, உப்பு நீர், வெறுங்கால். ஓடும் எஞ்சினின் அதிர்வில் கட்டுகள் தாமாக இளகும். சூட்டில் நிற்கும் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றும் ஆபத்து அதற்கு மேல். விளக்குக்கு 12 வோற்று மின்கலமும் எல்ஈடி விளக்கும் போதும். சிலருக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை, பரவாயில்லை.

இன்னும் மாற வேண்டியவை

ஜெனரேற்றரை இரவல் கொடுப்பவர் இப்போது சட்டத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். ஆனால் அந்தச் சட்டம் ஒரு படகின் வளைவுக்குச் செதுக்கியது. வேறு படகில் குறுக்குக் கட்டையின் முனை சரியாகப் பொருந்தாது. ஆப்பு அடித்துத்தான் சமாளிக்கிறார்கள், ஆப்பு அலையில் கழன்றுவரும். அளவு மாற்றக்கூடிய முனை ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்.

ராச்செற் பெல்ற்றின் இரும்புப் பற்கள் உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டன. அவசரத்தில் அவிழாத கட்டு, தளரும் கட்டைப் போலவே கேடானது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி ஒயில் விட வேண்டும்; அதைச் செய்யும் பொறுப்பு இன்னும் ஒருவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. பெற்றோலில் ஊறிய இரண்டு அங்கிகளின் நுரை கெட்டுப்போனது. அவற்றை எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கும்படி கேட்டிருக்கிறேன், ஒன்று வந்துவிட்டது.